நோதிர் கடித்த ரொட்டி

டிவியில் நோதிர் கோல் போட்டான். துர்குன் ரொட்டியை உடைத்தான். இரண்டும் ஒரே நொடியில் நடந்தன.

"போச்சு!" என்றாள் துர்குனின் மனைவி ஸும்ராத்.

நோதிர் எங்கள் மர்கிலான் தெருப் பையன். துருக்கிக்குக் கால்பந்து ஆடப் போனபோது, இங்கே தூரதேசம் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனான். மிச்சம் காய்ந்து சுவரில் தொங்கும். அவன் பத்திரமாகத் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். அதைத் தன்னிடம் தரச்சொல்லி அவன் அம்மா ஹோஸியத்திடம் துர்குன் நடையாய் நடந்தான். கடைசியில் அவளும், "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

துர்குனுக்கு முடிவெட்டும் தொழில். தாடி மழிக்க வந்த கிழவருக்கும் நோதிர் மாதிரியே தலையை வெட்டி அனுப்பும் பக்தன். ஆட்டம் நடந்தால் ரொட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொள்வான். இன்று துள்ளிக் குதித்ததில் அது மேசையில் மோதிச் சுக்குநூறானது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த நிமிடமே நோதிர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள்.

"நான்தான்டி அவன் காலை உடைச்சேன்!"

"உளறாதீங்க. மாவு கரைச்சு ஒட்டுவோம்."

ஒட்டினார்கள். விடிவதற்குள் ரொட்டி ஊறிக் கூழாகிவிட்டது. புதிது வாங்கி அடுப்பில் காய வைத்தார்கள், கரியாகிப்போனது. இன்னொன்று வாங்கினார்கள். காய்வதற்கு முன்பே கடித்துவிட வேண்டுமே என்று துர்குன் ஒரு வாய் கடித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கடித்த இடத்தின் நடுவில் ஒரு மேடு நின்றது.

"இது நோதிர் பல்லா? பார்த்தாலே உங்க பல்லுன்னு தெரியுது."

"அப்ப நீ சரி பண்ணு."

அவள் மேட்டைக் கடித்தாள். பள்ளம் பெரிதாகிவிட்டது.

"அவனுக்கு இவ்வளவு பெரிய வாய் இல்லையேடி!"

"அப்ப எனக்கு இருக்கா?" என்று கேட்டவள், அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நோதிர் ஊன்றுகோலோடு ஊர் வருவதாகச் செய்தி வந்தது. அவன் வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் புலாவ் கொதித்தது. துர்குன் ரொட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். ஹோஸியத் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத்தான் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியை எடுத்து அவள் முன் வைத்துவிட்டான்.

"அக்கா, அன்னிக்கு ரொட்டியை உடைச்சிட்டேன். இது நாங்க கடிச்சது. அவன் இனிமே ஆட முடியலன்னா அந்தப் பாவம் எனக்குத்தான்." அவ்வளவு பெரிய மனுஷன் குழந்தைபோல அழுதான்.

ஹோஸியத் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துணியின் நுனியால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதேப்பா. அவன் கடிச்சது என் அறையிலதான் தொங்குது. கேட்டவங்க மனசு நோகக் கூடாதேன்னு, இந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு ஒண்ணு நான்தான் கடிச்சுக் கொடுத்தேன்!"