பஞ்சுவுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

நாய்க்கு முடி சீவுவது பற்றி ஒரு நூலை வாசித்ததாலேயே நாயின் முடி சீவப்பட்டுவிடாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சற்றுத் தாமதமாகத் தெரிந்தது.

என் கணவரின் தங்கை ஷீலா மஸ்கட்டுக்குப் போகும்போது, நீண்ட வெண்முடி கொண்ட தன் நாய் பஞ்சுவை மார்த்தாண்டத்தில் எங்களிடம் விட்டுச் சென்றாள். கூடவே ஓர் எஃகுச் சீப்பும்.

"மைனி, தெனமும் சீவி விடணும், கேட்டியளா."

நான் முறைப்படி கற்றுக்கொண்டு தொடங்க விரும்பி ஒரு தடித்த நூலை வாங்கினேன். சீப்பு அதற்குள் பக்க அடையாளமாகக் கிடந்தது. மழைக்காலம் முழுவதும் நூல் மெல்ல நகர்ந்தது. பஞ்சுவின் காதுக்குப் பின்னால் சடை வேகமாக வளர்ந்தது.

இதற்குள் அந்த நாய் இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியாமற் போயிருந்தது. ஷீலா விடுமுறைக்கு வருவதாகவும், பஞ்சு நன்றாக இருந்தால் எங்களிடமே விட்டுவிடுவதாகவும், இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள தோழியிடம் கொடுப்பதாகவும் சொன்னாள்.

அவள் வரும் நாள் காலையில்தான் பதறினேன். எங்கள் ஊரில் சிக்குப் பிடித்த தலைக்கு வைத்தியம் உண்டு: காய்ச்சிய தேங்காயெண்ணெய், தலை அலசச் செம்பருத்தி இலையை அரைத்த தாளி, குளித்தபின் நீர் கோக்காமலிருக்க உச்சியில் ராஸ்னாதிப் பொடி. (நாய்க்கும் உச்சி இருக்கிறதல்லவா!) எண்ணெயையும் தாளியையும் பஞ்சு ஒரு புதுப்பெண்ணின் பொறுமையோடு ஏற்றுக்கொண்டது. நனைந்த சடை மேலும் இறுகும் என்பது நூலில் நான் எட்டாத அத்தியாயத்தில் இருந்தது.

ராஸ்னாதி வைத்ததும் தும்மல் தொடங்கியது. என் பிடியிலிருந்து வழுக்கிக் கொல்லைக்கு ஓடிய பஞ்சு, செடிகளுக்காகக் கொட்டியிருந்த தேங்காய் நார்த்தூளில் ஆனந்தமாகப் புரண்டது. அப்போது வாசலில் கார் நின்றது.

தன்னை நோக்கி ஓடிவந்த தவிட்டு நிற உருவத்தை விலக்கிவிட்டு ஷீலா கேட்டாள்: "மைனி, பஞ்சு எங்க?"

அது அவள் காலடியில் நின்று தும்மியது.

கால்நடை மருத்துவர் முடி முழுவதையும் மழித்தார். சடைக்கு அடியில் தோல் சிவந்து புண்ணாகியிருந்ததைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழித்து முடிந்ததும் நடுங்கிய பஞ்சு, அருகில் நின்ற ஷீலாவைத் தாண்டி வந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது. ஷீலா குனிந்து அதன் மழித்த முதுகைத் தடவினாள்.

"அது ஒங்கள விட்டு வராது மைனி. ஆனா சீப்பு இனி புத்தகத்துக்குள்ள இருக்காண்டாம்."

புண் ஆறி முடி வளரத் தொடங்கியதுமுதல் மாலைதோறும் சீவுகிறேன். உண்ணியோ முள்ளோ சிறு கீறலோ, கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. நாற்காலிகளில் முடி குறைந்துவிட்டது. சீப்பைக் கண்டதும் பஞ்சு தானே வந்து, தாடையை என் முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் யார் முடிவெட்டிவிட்டு வந்தாலும் என் கணவர் முகம் மாறாமல், "ராஸ்னாதி வச்சாச்சா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்போம். பஞ்சு மட்டும் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.