கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி கையுறை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த மாபெரும் காரியம், மார்பகப் புற்றுநோய் ஆய்வு நிதிக்குழுவை அமைத்ததுதான். ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் பலனை நோயாளியின் கட்டில்வரை கொண்டுசேர்ப்பது அதன் 'லட்சியம்'. வாசலில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கட்டில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஆராய ஓர் உபகுழுவும் உண்டு.

அன்று குழுவின் வெற்றிவிழா. சிறப்பு விருந்தினர் ஒரு தையல்காரி. அவளுக்குக் கீமோ மருந்து ஏறிய நாட்களில், ஆய்வுக்காகப் பனிக்கட்டிபோல் குளிர்ந்த கையுறை மாட்டிவிட்டார்கள். மருந்து விரல் நரம்பைத் தின்னாமல் அந்தக் குளிர் காத்தது. இன்றும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். ஆய்வு அமோக வெற்றி. வெற்றி பெற்றதால் உடனே நிறுத்திவிட்டார்கள்.

பூங்கொத்தை வாங்கிக்கொண்டு அவள் தலைவரைக் கேட்டாள். "ஐயா, அந்தக் கையுறை இப்ப எங்க இருக்கு?"

தலைவர் பூரித்துப்போனார். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீல வெல்வெட்டின்மேல் கையுறை துயில்கொண்டிருந்தது. 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"என் தங்கச்சிக்கும் அதே நோவு. திங்கக்கிழமை மொத கீமோ. ஒரு வாரம் குடுங்க, பத்திரமா கொண்டாந்துடறேன்."

"அதெப்படிம்மா? இது சாதனை. சாதனையைக் கையில மாட்டிக்க முடியுமா?"

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"நாங்க ஆராய்ச்சிக்குத்தான் நிதி குடுப்போம். இது நிரூபிச்சாச்சு. நிரூபிச்சது எப்படி ஆராய்ச்சியாகும்?"

"ஆஸ்பத்திரியில கேட்டா, அது ஆராய்ச்சி, எங்களால குடுக்க முடியாதுங்கறாங்க."

"பாத்தீங்களா, அவங்கவங்க வேலையில எவ்வளவு தெளிவா இருக்கோம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கு வேண்டியது கைக்கே எட்டவில்லை. அவள் விடவில்லை.

"எங்க கடையில பொத்தானுக்குக் காஜா எடுக்கறது அவதான் ஐயா. துணியைப் பாக்கவே மாட்டா, விரலாலயே தைப்பா. அது மரத்துப்போச்சுன்னா, நோய் போயும் அவ எதை வச்சுப் பிழைப்பா?"

குழு கல்நெஞ்சக் குழு அல்ல. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவரின் காதில் ஏதோ ஓதினார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அதே கையுறையை வச்சுப் புது ஆய்வு ஒண்ணு ஆரம்பிக்கறோம். பலன் உண்மைதானான்னு உறுதிப்படுத்தணும் இல்லையா? அதுல இவங்க தங்கச்சிக்கு இடம் குடுக்கறோம்."

"நிரூபிச்சாச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது போன நிதியாண்டு."

எந்த நிதியாண்டாக இருந்தால் அவளுக்கென்ன. கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. கூடமே கைதட்டியது.

"கையுறை எப்பங்க கைக்கு வரும்?"

"அதுவா?" செயலாளர் மடிக்கணினியைத் தட்டினார். "ஆய்வுல ரெண்டு அணிம்மா. யாரு எதுலன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்க தங்கச்சி... கையுறை இல்லாத அணி."

கும்பிட்ட கை அப்படியே நின்றது. "அப்ப அவ விரல்?"

"மரத்துப்போகலாம்," என்றார் தலைவர் பரிவோடு. "அவங்களுக்கு மரத்துப்போனாத்தானேம்மா, கையுறை வேலை செய்யுதுன்னு நாங்க காட்ட முடியும்?"

ஆக, குழுவின் லட்சியம் அன்று நிறைவேறியது. ஆராய்ச்சி ஒருவழியாக நோயாளியின் கட்டில்வரை வந்துவிட்டது. எடுத்துக்கொள்ள அங்கே பத்து விரல்கள் இருந்தன.