கேட்டுக் குளிக்கவும்

"ராஜபாயக்கா, இறங்கலாமா?"

தோளில் துவர்த்துத் துண்டுடன் தென்னைமர மறைவில் நின்று ஞானதாசன் குரல் கொடுத்தார். குளத்தில் பெண்கள் நிற்கும்போது ஆண்கள் அப்படிக் கேட்டுவிட்டு வருவதுதான் ஊர் மரியாதை.

"நில்லும், துணிய அலசிட்டுக் கரைக்குக் கேறுதேன்."

ஞானதாசன் நின்றார். மனசுதான் நிற்கவில்லை. கருங்கல் ஊருக்கு மேற்கேயுள்ள அந்தக் குளத்தின் கரை பொதுக்கரை என்கிறது பஞ்சாயத்து. தன் அப்பன் வாங்கிப்போட்ட மண் என்கிறார் இவர். வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. தோற்றால் தென்னைகள் போகும். அப்பன் பெயரும் போகும்.

அன்று மாலை வக்கீல் ஷிபு சட்டத்தைப் பிழிந்து கொடுத்தார்.

"ஊர்க்காரங்க ஆருகிட்டயும் கேக்காம இறங்கினா பொதுக்கரை. உம்மகிட்ட கேட்டு இறங்கினா உம்ம கரை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"கேக்க வையும்."

'உரிமையாளரைக் கேட்டுக் குளிக்கவும்' என்று ஞானதாசன் போர்டு நட்டார். ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் முதல் அத்தனை பேரும் வீட்டுக் குழாயடியிலேயே குளித்துக்கொண்டார்கள். ராஜபாய் மட்டும் வழக்கம்போல் வந்து, துவைத்த துணியைப் போர்டின் மேலேயே காயப்போட்டாள்.

"ஒருத்தனும் வாறதில்ல," என்று ஞானதாசன் ஷிபுவிடம் பெருமையாகச் சொன்னார்.

ஷிபு தலையில் கைவைத்தார். "ஆளே வராட்டி ஆருவேய் உம்மகிட்ட கேப்பா? கோர்ட்டு கமிஷனர் பார்க்க வாறாரு. ஆளு வேணும்."

"ஆள விரட்டத்தானே கேஸு?"

"ஆளு வந்தாத்தான் கேஸு."

ஞானதாசனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் வீடு வீடாக ஏறி, "குளிக்க வாங்க, எங்கிட்ட கேட்டுட்டு வாங்க," என்று கெஞ்சினார். ஊர் மசியவில்லை. ஆளுக்கொரு சோப்பு தருவதாகச் சொன்னார். ஊர் மசிந்தது, பக்கத்து ஊர்களும் சேர்ந்து மசிந்தன.

விடிந்தால் வாசலில் துவர்த்து கட்டிய கூட்டம். கஞ்சி குடிக்கும்போது ஒருவன், ஜெபம் பண்ணும்போது இன்னொருவன், "அண்ணாச்சி, குளிக்கட்டா?"

"குளத்தைப் பிடிக்கப் போயி வீட்ட விட்டுட்டீரு," என்றாள் மனைவி குளோரி.

கமிஷனர் வந்த காலையில் கரையெங்கும் சோப்பு நுரை. அவர் ஒவ்வொருவராக விசாரித்தார். எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: "ஞானதாசண்ணன்கிட்ட கேட்டுத்தான் சாரே இறங்குவோம்."

ஞானதாசனுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆக, யாரைக் கேட்டு இறங்குறாங்களோ அவங்களுக்குத்தான் கரை. அதுதானே உங்க வாதம்?" என்றார் கமிஷனர்.

"அதேதான் சாரே," என்றார்கள் ஞானதாசனும் ஷிபுவும் ஒரே குரலில்.

கடைசியாக, துவைகல்லில் நின்ற ராஜபாயிடம் கமிஷனர் வந்தார். "நீங்க யாரைக் கேட்டும்மா இறங்குவீங்க?"

ராஜபாய் துணியைப் பிழிந்து உதறினாள்.

"நான் எதுக்கு கேக்கணும்? இந்த ஞானதாசன்தான் தெனமும் மரத்துக்குப் பொறத்தால நின்னு, 'இறங்கலாமா'ன்னு எங்கிட்ட கேப்பாரு. நான் சொல்லாம ஒருநாளும் அவரு இந்தத் தண்ணியில காலு நனைச்சதில்ல, சாரே."