தனியாக ஓடித் தோற்பது எப்படி?

இந்த உலகத்தில் தவறே செய்யாதவை இரண்டுதான். ஒன்று சூரியன். இன்னொன்று இந்தக் கதையில் வரும் குதிரைப் பந்தய மன்றம். சூரியனுக்காவது எப்போதாவது கிரகணம் பிடிக்கும். மன்றத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக அதுவும் கிடையாது.

அப்படிப்பட்ட மன்றத்தின் கோடைப் பருவம் அன்றோடு முடிகிறது. கடைசிப் பந்தயத்துக்கு 'நிறைவுக் கோப்பை' என்று பெயர். ஆறு குதிரைகள் பெயர் கொடுத்திருந்தன. வெயிலில் மைதானம் சுட்ட செங்கல்லாக இறுகிப் போயிருந்ததைப் பார்த்ததும் முதல் ஐந்து குதிரைகளின் சொந்தக்காரர்களும் உஷாராகிவிட்டார்கள். ஒரு குதிரைக்கு இருமல் என்று கடிதம் வந்தது. இன்னொன்றுக்கு மனச்சோர்வு. மூன்றாவது குதிரை 'சொந்தக் காரணங்களுக்காக' விலகிக்கொண்டது. ஆறாம் எண்ணின் சொந்தக்காரர் மட்டும் எங்கோ கடற்கரையில் ஓய்வில் இருந்தார், போனை எடுக்கவில்லை. ஆகவே ஆறாம் எண் மட்டும் பந்தயத்தில் மிஞ்சியது.

ஆறாம் எண் எட்டு வயதுப் பெண்குதிரை. அவளைக் குட்டியிலிருந்து பார்த்துக்கொள்பவர் லாயக்காரர். குளிப்பாட்டுவது, உருவிவிடுவது, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது எல்லாம் அவர்தான். வீட்டில் பேசுவதைவிட லாயத்தில் அதிகம் பேசுகிறார் என்பதால் அவர் மனைவி அந்தக் குதிரைக்குச் 'சக்களத்தி' என்றே பெயர் வைத்துவிட்டாள். "உங்க சக்களத்தி சாப்பிட்டாளா?" என்று விசாரித்த பிறகுதான் அவருக்குச் சோறு போடுவாள்.

சக்களத்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சூடாக இருந்தது. குதிரை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தசைநார் நைந்திருக்கிறது, மழைக்காலம் முழுக்க மேய்ச்சலில் விட்டால் சரியாகிவிடும், இன்னொரு தடவை ஓடினால் அறுந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அறுந்த காலுக்கு மன்றத்தில் ஒரே வைத்தியம்தான் உண்டு. நாலு பேர் பச்சைத் திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்கும், அடுத்த பந்தயம் குறித்த நேரத்தில் தொடங்கும்.

இதில் இன்னொரு சிக்கல். நிறைவுக் கோப்பையில் தோற்ற குதிரைகளை மறுநாளே மேய்ச்சலுக்கு அனுப்பிவிடுவார்கள். வென்றது மட்டும் பத்தாம் நாள் மலைமேல் நடக்கும் பந்தயத்தில் ஓடியே ஆகவேண்டும் என்பது நூற்றைம்பது ஆண்டு மரபு. ஆக, சக்களத்தி பிழைக்க வேண்டுமானால் தோற்க வேண்டும். தனியாக ஓடுகிற குதிரை எப்படித் தோற்கும் என்று யோசித்து யோசித்து லாயக்காரருக்கு மண்டை காய்ந்தது.

காலையில் செயற்குழு கூடியபோது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார். நீள மேசை, ஏழு நாற்காலி, ஏழு பேர். அந்த ஆண்டு மன்றத்துக்கு ஓர் ஆலோசகர் அமர்த்தப்பட்டிருந்தார். 'குதிரையோடு ஒன்றிப்போதல்' என்பது அவருடைய திட்டம். அதன்படி செயற்குழுவினர் ஏழு பேரும், பந்தயம் முடியும்வரை கழற்றுவதில்லை என்று, குதிரைச் சேணத்தில் போடுவது போன்ற எண் துணியை மார்பிலும் முதுகிலும் அணிந்திருந்தார்கள். ஒன்றாம் எண் தலைவருக்கு. செயலருக்கு இரண்டு. ஒன்றிப்போனதில் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது.

லாயக்காரர் காலில் வீக்கம் என்று தொடங்கியதுமே தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீக்கம்னு சொல்லாதீங்க. எதிர்மறையா இருக்கு."

ஆலோசகர் உடனே எழுந்து, 'பருவகால முழுமை' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். ஏகமனதாக நிறைவேறியது. அந்த முழுமையை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பது என்றும், துணைக்குழு அடுத்த கோடைக்குள் அறிக்கை தருவது என்றும், அதுவரை கால் நலமாக இருப்பதாகக் கருதப்படும் என்றும் செயலர் எழுதிக்கொண்டார்.

"அவளால நிக்கவே முடியலைங்க ஐயா," என்றார் லாயக்காரர்.

"நிக்க முடியலைன்னா ஓடட்டும். அதுக்குத்தானே பந்தயம் வெச்சிருக்கோம்," என்றார் தலைவர், மிகுந்த கனிவோடு.

லாயக்காரர் அங்கிருந்து நேராகப் போனது நடுவர் கூண்டுக்கு. நடுவர் வேறு யாருமில்லை, லாயக்காரர் மனைவியின் சொந்த அண்ணன். இருபத்தேழு வருடமாக அந்தக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு விரல் அகலச் சந்து வழியாக முடிவுக் கோட்டைப் பார்ப்பவர். குதிரையின் நிறம், ஜாக்கியின் முகம், கூட்டத்தின் கூச்சல் எதுவும் அவருக்குத் தேவையில்லை. சந்தில் முதலில் தெரிகிற எண்ணை ஒலிபெருக்கியில் சொல்வார். சொன்னது சொன்னதுதான். போன வருடம் யாரோ முறையிட்டதில் தலைவரின் குதிரை கையிலிருந்த கோப்பையை இழந்தது. அதற்குப் பிறகு, நடுவர் அறிவித்த முடிவை யாராலும் மாற்ற முடியாது என்று தலைவரே விதியும் கொண்டுவந்திருந்தார்.

"மச்சான், நீங்க மனசு வெச்சா ஏதாவது பண்ணலாம்," என்றார் லாயக்காரர்.

"மாப்பிள்ளை, முதல்ல தாண்டுற நம்பரைச் சொல்றதுதான் என் வேலை. இருக்கிறதே ஒரு நம்பர். இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

லாயக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினார். நடுவர் சந்து வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஜாக்கி நல்ல பையன். ஓட விடமாட்டேன், நடத்தியே கூட்டி வருகிறேன் என்று சத்தியம் செய்தான். அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நடந்து வந்தாலும் முதலிடம் முதலிடம்தானே.

மணி அடித்தது. பருவத்தின் மகத்தான கடைசிப் பந்தயம் தொடங்கியது. சக்களத்தி கதவைத் தாண்டி வெளியே வந்து, நின்று, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நடக்கத் தொடங்கினாள். வர்ணனையாளர் தொழில்பக்தி மிக்கவர்.

"ஆறாம் எண் முந்துகிறது! ஆறாம் எண்ணை நெருங்க யாருமில்லை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பத்து நிமிடம் கழித்தும் அதையே கத்தினார். பாண்டு வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டை நாலு தடவை வாசித்து முடித்துவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்தினார்கள்.

சக்களத்தி கடைசித் திருப்பத்தைத் தாண்டியபோது சிறப்பு விருந்தினர் ஏழாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவருக்குப் பொறுக்கவில்லை. குதிரையோடு ஒன்றிப்போக இதுவே தருணம் என்று வேலியைத் தாண்டி மைதானத்தில் இறங்கினார். விருந்தினருக்கு வைத்திருந்த பூங்கொத்தை நீட்டி, "வா, வா, கண்ணு வா," என்று பின்னோக்கி நடந்தபடி அழைத்தார்.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அல்லவா? பூங்கொத்தில் பூவைவிட இலை அதிகம். சக்களத்தியின் காதுகள் நிமிர்ந்தன. ஜாக்கி இழுத்துப் பிடிப்பதற்குள் நொண்டிக்கொண்டே எட்டி நடை போட்டாள். லாயக்காரர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்நூறு கிலோ தன்னை நோக்கி வருவதைக் கண்ட தலைவர் ஒன்றிப்போவதை அந்தக் கணமே கைவிட்டார். திரும்பி ஓட்டம் பிடித்தார். அவருடைய வயதுக்கும் வயிற்றுக்கும் அது உலக சாதனை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கால் பிசகி உருண்டார். பின்னாலேயே வந்த சக்களத்தி நின்று, கீழே கிடந்த பூங்கொத்தை நிதானமாக மெல்லத் தொடங்கினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"முதலிடம், ஒன்றாம் எண். இரண்டாமிடம், ஆறாம் எண். இடைவெளி, ஒரு கழுத்து நீளம்."

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு எழுந்த ஆரவாரம் போல அந்தப் பருவம் முழுவதும் கேட்டதில்லை. லாயக்காரர் கண்ணைத் திறந்தார். ஓடிப் போய்ச் சக்களத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதார். அவள் வாயில் இருந்த இலையில் பாதி அவர் சட்டையில் ஒட்டியது. வீட்டுக்குப் போன் போட்டு, சக்களத்தி தோற்றுவிட்டாள் என்று சொன்னார். தனியாக ஓடியுமா என்று கேட்டாள் மனைவி. உங்களிடம் வளர்ந்தவள் வேறெப்படி இருப்பாள் என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. முடிவு தவறு என்று சொன்னால் மன்றம் தவறு செய்தது என்றாகிவிடும். விதியும் தலைவர் கொண்டுவந்த விதி. ஆகவே, சரித்திரத்தின் பக்கம் நிற்பது என்று தீர்மானித்து, தலைவரை வெற்றியாளராக ஏற்றார்கள். வெற்றியாளரைத் தராசில் ஏற்றினார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். போதைமருந்துச் சோதனைக்காக வாளியோடு வந்த பணியாளர், சிறுநீர் வருவதற்காகக் குதிரைகளுக்கு அடிப்பது போலவே, அவர் பக்கத்தில் நின்று மெல்லச் சீட்டி அடித்தார். தலைவர் ஒத்துழைத்தார்.

நடுவர் கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது லாயக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நான் நம்பரைத்தான் பார்த்தேன் மாப்பிள்ளை," என்றார் நடுவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. துடைத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

விழா முடியும் நேரத்தில் செயலர் தயங்கித் தயங்கி மரபை நினைவூட்டினார். வென்றவர் பத்தாம் நாள் மலைமேல் ஓட வேண்டும். பெயர் பதிவாகிவிட்டது. அரண்டுபோன தலைவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலைத் தூக்கி நீள மேசைமேல் வைத்தார்.

"வீங்கியிருக்குய்யா. வலிக்குது. என்னால ஓட முடியாது."

ஆறு பேரும் குனிந்து பார்த்தார்கள். குதிரை டாக்டரையே அழைத்துச் சான்று வாங்கினார்கள். அரை நிமிடத்தில் விலக்கு அளித்தார்கள். அந்த மைதானத்தின் புகழ்மிக்க நூற்றைம்பது ஆண்டுகளில் வீங்கிய கால்கள் எத்தனையோ ஆயிரம். அவற்றில் மன்றத்தின் கண்ணுக்குத் தெரிந்த முதல் கால் அதுதான். ஏனென்றால், அது ஒன்றுதான் செருப்புப் போட்டிருந்தது.