நாடகத்துக்கு முதுகு காட்டிய அண்ணாச்சி

விருதுநகர் மாவட்டத்திலேயே அதிகமான நாடகங்களுக்குப் போனவரும், அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காதவரும் ஒரே ஆள்தான். அவர் எங்கள் முதுகு அண்ணாச்சி.

எம். புதுப்பட்டியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். முதுகு அண்ணாச்சி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கோயில் பொங்கலுக்கு நாடகம் போட்டால் ஊரே மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எதிரே அவர் மனைவி. அந்த அம்மாளின் முகத்தை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஒரே மகன், மாரிச்செல்வம். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் வேலை. ஒரு சீசனில் அந்த ரூம் வெடித்துவிட்டது. பையனைத் துணியால் மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி மனைவி எனக்கு மதினி முறை. அண்ணாச்சி மனைவி எனக்கு மதினி முறை. காரியம் முடிந்த மறுவாரமே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட உட்கார்ந்துவிட்டார்.

"அவளை எப்பிடியாச்சும் அள வச்சிருங்க. இல்லைன்னா அது நெஞ்சுலயே கட்டிக்கிட்டு ஆளையே கொண்டுபோயிரும்" என்று தெருப் பெண்கள் அண்ணாச்சியிடம் சொன்னார்கள். ஏற்கெனவே பாதி ஆளாகிப் போயிருந்த மனிதர், மிச்சப் பாதியும் நடுங்கிப் போனார்.

எங்கள் பக்கத்து நாடகங்களில் விடிகிற நேரத்துக்குச் சுடுகாட்டு சீன் வரும். ராணி, செத்துப்போன மகனை மடியில் கிடத்திக்கொண்டு பாடுவாள். "முகம் காட்டு மகனே, ஒருமுறை முகம் காட்டு" என்று அதில் ஓர் அடி. பாட்டு எல்லா ஊரிலும் அதேதான். ஆனால் நடிக்க வருகிற செட்டுக்குச் செட்டு பாடுகிற விதம் வேறு. எந்த விதம் மதினியை அழவைக்கும் என்று தேடுவதே அண்ணாச்சிக்கு வேலையாகிப் போனது. என்னிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. பகலில் அட்டைப்பெட்டி ஏற்றுவேன், நாடகம் இருக்கிற அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிப்போவேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் பேச வேண்டியதை எல்லாம் அண்ணாச்சியே பேசுவார்.

ஆமத்தூரில் பாடிய அம்மாள் முறையாகச் சங்கீதம் படித்தவர். 'மகனே' என்று ஆரம்பித்தார். அந்த 'னே' மேலே ஏறி, கீழே இறங்கி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதற்குள் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு டீ குடித்து முடித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. மதினியும் தட்டினார்.

"எப்பிடி அண்ணாச்சி?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"பாட்டு தங்கம்தான் தம்பி. ஆனா பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கு அம்புட்டு மூச்சு எங்கன இருந்து வரும்?"

அடுத்து ஒரு ஊரில் பாடிய பெண், பாடுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். விக்கலில் பாதி வார்த்தை காணாமல் போயிற்று. பெண்கள் எல்லாரும் முந்தானையை எடுத்தார்கள். கடலை வறுக்கிறவர் அழுதுகொண்டே வறுத்ததில் ஒரு சட்டிக் கடலை கருகியது. மதினி என்னைப் பார்த்து, "கருகுற வாடை வருதே, அவருகிட்டச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"அவளே எல்லாத்தையும் அளுது முடிச்சுட்டா, கேக்குறவுகளுக்கு என்னலே மிச்சம்?" என்று அண்ணாச்சி அந்தச் செட்டையும் தள்ளிவிட்டார்.

இன்னொரு ஊரில் அதே பாட்டைச் சினிமா மெட்டில் பாடினார்கள். டிரம்ஸ் அடித்ததும் இளவட்டங்கள் விசில் அடித்து ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ராணி சிரித்தபடி மகனை மறுபடியும் சாகக் கொடுத்தாள். அன்றைக்கு வழியெல்லாம் அண்ணாச்சி ஒரு கையால் மதினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

திருவிழா இல்லாத மாதங்களில் செல்போன். யூடியூபில் அந்தப் பாட்டு எத்தனை குரலில் கிடைக்குமோ அத்தனையையும் போட்டுக் காட்டுவார். சரியாக 'முகம் காட்டு' வரும் நேரத்தில், 'உறுதியான வீட்டுக்கு உறுதியான கம்பி' என்று ஒருவன் கத்திக்கொண்டு வருவான். அண்ணாச்சி அவனை நிறுத்தத் தெரியாமல் போனையே தலையணைக்கு அடியில் அமுக்குவார். மதினி குழாய் உருட்டுவதை நிறுத்தாமல், "அந்தக் கம்பிக்காரன் நல்லாத்தானே பேசுதான், விடுங்க" என்பார்.

இந்தத் தேடலில் அண்ணாச்சிக்குப் பேரே கெட்டுப்போனது. பாடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டினால் எந்தக் கலைஞருக்குத்தான் பொறுக்கும்? ஒரு ஊரில் ராணி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்டுவிட்டாள்.

"அங்கன முதுகக் காட்டிக்கிட்டு இருக்குற அண்ணாச்சி, என் மூஞ்சி அம்புட்டு மோசமாவா இருக்கு?"

அண்ணாச்சி எழுந்து, மேடைப் பக்கம் பாதி திரும்பி, கண்ணைத் தரையில் வைத்துக் கும்பிட்டார்.

"உங்க மூஞ்சில ஒரு குத்தமும் இல்ல தாயி. நான் பாக்க வேண்டிய மூஞ்சி இங்கன இருக்கு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. பபூன் ஓடிவந்து, "புதுமாப்பிள்ளைக்கு ஒரு சோடா கொடுங்கய்யா" என்றான். மதினி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று ஊர் நினைத்தது.

போன சித்திரையில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். சின்னச் செட்டு. ராணி வேஷம் கட்டிய அம்மாளுக்கு வரிசையாக நாடகம் இருந்து தொண்டை கட்டியிருந்தது. இரவு முழுக்கக் கரகரத்த குரலில் ஒப்பேற்றினார். "இங்கன வந்தது வீண்தான் தம்பி" என்று அண்ணாச்சி முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வழக்கம்போல மேடைக்கு முதுகு, மதினிக்கு முகம்.

கிழக்கு வெளுத்தபோது சுடுகாட்டு சீன் வந்தது. அந்த அம்மாள் பாட்டைத் தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார். 'முகம் காட்டு மகனே' என்ற இடத்துக்கு வந்ததும் குரல் அடியோடு நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. ஆர்மோனியம் குரலில்லாமல் தனியாகப் போனது.

சத்தம் நின்றதும், என்ன ஆயிற்றோ என்று அண்ணாச்சி திரும்பினார். அத்தனை வருஷ நாடகத்தில் அன்றைக்குத்தான் மேடையை நேராகப் பார்த்தார்.

மேடையில் அந்த அம்மாள் மடியில் கிடந்தவனின் முகத்தில் இருந்த துணியை விலக்கி, நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியிடம் இருந்து வந்த சத்தத்தை நான் முன்பும் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம். பெரிய மனிதர், மணலில் நெற்றியை வைத்து அழுதார். பபூன் மேடையிலேயே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். மதினி அவரை நிமிர்த்தவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேரையும் வண்டியின் பின்னால் ஏற்றினேன். ஊரைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சி மதினி மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டார். கேபினுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வழியாக மதினி பேசினார். அவர் தானாக ஆரம்பித்து அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"பயலக் கொண்டாந்து கிடத்துன அன்னைக்கும் இவுக இப்பிடித்தான் தம்பி. அவன் பக்கம் திரும்பவே இல்ல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாக. நான் அளுதா இவுக விளுந்துருவாகன்னு தோணுச்சு. அதான் அளல. பெறகு அளுக வரவும் இல்ல."

"நாடகத்துக்கெல்லாம் வந்தீகளே மதினி?"

"நான் எங்க எனக்காக வந்தேன்? இவுக என்னைக்காச்சும் ஒருதரம் அந்தப் பக்கம் திரும்புவாகன்னுதான்."

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மெதுவாக ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது. அதே பாட்டுத்தான். ஆமத்தூர் அம்மாளின் இழுப்பு இல்லை, விக்கல் இல்லை, டிரம்ஸ் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வாய்க்கு வந்ததை முணுமுணுப்பது மாதிரி இருந்தது. 'முகம் காட்டு மகனே' என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஒட்டவைத்துக்கொண்டு பாடினார். மறுபடியும் உடைந்தது. பிறகு பாட்டு இல்லை, அழுகை மட்டும்தான்.

இதற்காகத்தான் அந்த மனிதர் ஊர் ஊராக அலைந்தார். எழுப்பிச் சொல்லலாமா என்று வண்டியை ஓரம் கட்டினேன்.

"எளுப்பிராதீக தம்பி" என்றார் மதினி. "பய போனதுல இருந்து இவுக இப்பிடித் தூங்கிப் பாத்ததில்ல."

கம்பெனியில் இருந்து லோடு ஏற்ற வரச் சொல்லிப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. குழி குண்டுகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். புதுப்பட்டி விலக்கு வந்தது. திரும்பாமல் நேரே போனேன். அண்ணாச்சி இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.