பாசி நீக்க உயர்மட்டக் குழுவின் மகத்தான வெற்றி

ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை அதன் கூரைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். கீழே குடியிருப்பவர்களைப் பார்த்துச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் மழை விட்டாலும் ஈரம் விடாது. ஓடுகளிலிருந்து பாசி கரும்பச்சையாக வழிந்து, தெருவே மை கலைந்த கண்ணோடு அழுதுவடிந்தது. தலைவர் "பாசி நீக்க உயர்மட்டக் குழு"வை அமைத்தார். பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள் என்பதால் என் மனைவியையும் அதில் சேர்த்தார்.

முதல் கூட்டத்திலேயே அவள் காரியத்தை முடித்துவிடப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, சற்று ஊறவிட்டு, மெதுவாகக் கழுவினால் போதும். கீழே இருக்கும் செடிகளை முதலில் நனைத்துவிட வேண்டும். முக்கியமாக, கூரைகளில் வெயில் விழாமல் மறைக்கும் தலைவர் வீட்டு மரத்தின் கிளைகளை வெட்ட வேண்டும் என்றாள். 'கிளை' என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

இடைவேளைக்குப் பின் நவீன முறையே வென்றது. தலைவரின் மாப்பிள்ளை, தண்ணீரைப் பீச்சியடிக்கும் ராட்சத பம்போடு மாமனாரின் "முன்மாதிரிக் கூரை"க்கு ஏணி போட்டார். பாசி கொஞ்சம் போனது. ஓடுகள் நிறையப் போயின. தண்ணீர் படுக்கையறைக்குள் இறங்கியது. தலைவரின் மனைவி வாளியோடு வெளியே வந்தார்.

"மாப்பிள்ளை, கூரையக் கழுவுறீங்களா, எங்களக் கழுவுறீங்களா?"

மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர். மாமியாருக்குப் பதில் சொல்லத் திரும்பினார். பம்பும் கூடவே திரும்பியது.

தலைவர் உடனே கையைக் கழுவிவிட்டார். அன்று கழுவியவற்றில் சுத்தமானது அது ஒன்றுதான்.

அடுத்த விடுமுறையில் என் மனைவி தான் சொன்னபடியே எங்கள் கூரையைக் கழுவினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆலோசனைகள் வழங்கினேன். ஓடுகள் செக்கச்செவேலென்று வெளியே வந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர் நின்று பார்த்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பவுடர் என்றுகூடக் கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாளே அவசரக் கூட்டம். தலைவரின் குரல் தழுதழுத்தது.

"தங்கச்சி, நீங்க மட்டும் சுத்தமா இருந்தா மத்த வீடெல்லாம் அழுக்கா தெரியுதே. இது நல்லாவா இருக்கு?"

"அழுக்கா இருக்கறதாலதான் அண்ணே அழுக்கா தெரியுது."

தையல்காரர் விட்டத்தை ஆராய்ந்தார். என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசிவரை தலையை இறக்கவில்லை. பாசி என்பது கறை அல்ல, "இயற்கை அளித்த வண்ணம்" என்று தீர்மானம் வந்தது. கைகள் மளமளவென்று உயர்ந்தன. இரண்டாவது தீர்மானத்துக்கும் அதே வேகத்தில் உயர்ந்தன.



இயக்கம் முழு வெற்றி என்று தலைவர் அறிவித்திருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. பாசி நீக்கக் குழு ஒருவரை நீக்கத்தான் செய்தது: பாசியை நீக்கத் தெரிந்தவளை.