பாதி அடைத்த பல்

“பல்லு வலிச்சா உண்மையும் பேச வராதாப்பா?” என்று குடியிருப்புச் சங்கக் கூட்டம் முடிந்த இரவு மகள் கேட்டாள். அன்றிலிருந்து தையல்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று வண்டி பிடிக்க ஓடியவர் குடியிருப்பின் காவலாளி. திறந்து கிடந்த கேட் வழியே புகுந்த நாய், சங்கத் தலைவரின் புதுச் செருப்பைக் குதறிவிட்டது. அந்தக் கூட்டத்தில் காவலாளியை நீக்கத் தீர்மானம் வந்தது. “தப்புதாங்க” என்றாரே தவிர, யாருக்காக கேட்டை விட்டு ஓடினார் என்று அவர் சொல்லவில்லை. மாதக் கடைசியோடு வேலையும் போகும், தங்கும் அறையும் போகும்.

தலைவரோ பல் டாக்டர். தையல்காரரின் கடைவாய்ப் பல் அவரிடம் பாதி வேலையில் நின்றது. உண்மையைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டிய தையல்காரர், தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டார்.

பிறகு மனசு குத்தவே, தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட சங்கச் செயலாளர் டீச்சரம்மாவிடம் ஓடினார்.

“நீங்க மறுபடி கிளப்புங்கம்மா.”

“நான் தோத்த பக்கம். முடிஞ்ச தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல, ஜெயிச்ச பக்கம் கை தூக்கினவங்களுக்குத்தான் உரிமை. நீங்களே கேளுங்களேன்!”

“நானா? அடுத்த கூட்டம் முடிஞ்ச மறுநாளே தலைவர்கிட்ட வாயைப் பிளக்கணும்மா!”

வேறு ஆள் தேடி மாடி மாடியாக ஏறினார். “என் மாமியார் பல்செட் இன்னும் அவர்கிட்டதான்யா இருக்கு” என்று கதவைச் சாத்தினார் வங்கிக்காரர். மேல்வீட்டுக்காரர் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். இவர் அலைவதைப் பார்த்த டீச்சரம்மா, உதவி செய்வதாக நினைத்து, தீர்மானத்தைத் திரும்ப எடுக்கக் கேட்பவர் என்று அறிவிப்புப் பலகையில் இவர் பெயரையே எழுதிவிட்டார்.

கூட்டத்தில் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்களா?”

தையல்காரர் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு எழுந்தார். “ஆமாங்க. பயந்துபோய் கை தூக்கினேன். அவர் கேட்டை விட்டுப் போனது என் பொண்ணுக்காக. மறுபடி ஓட்டுக்கு விடுங்க.”

முதலில் ஒரு கை எழுந்தது. அப்புறம் பல கைகள். காவலாளி வேலை தப்பியது. தலைவர் விருட்டென்று எழுந்து வெளியேறினார்.

மறுநாள் முகமூடிக்குள் ஏதோ முணுமுணுத்தபடியே டாக்டர் பல்லைக் குடைந்தார். சாபம்தான், சந்தேகமில்லை. தையல்காரர் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டார். ஆச்சரியம், கொஞ்சமும் வலிக்கவில்லை.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் நர்ஸ் குனிந்து கிசுகிசுத்தாள்.

“உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் வேண்டிக்கிட்டார் சார். செருப்புக்காக ஒருத்தர் பிழைப்பைக் கெடுத்துட்டேனேன்னு இத்தனை நாளாத் தூங்கலை. ஓட்டே போடாத தலைவர் தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல விதியில்லையாம், நீங்களும் பயந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்தே நேத்து ஒரு பல்லைக்கூடத் தொடலை சார்!”